காலைத் தூக்கிப் பிடித்ததெல்லாம் வைத்தியமா, டாக்டர்?

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வயது 33. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். ஆறு வயதில் ஒரு மகள். இரண்டாவது குழந்தைக்கு இப்போதுதான் யோசிக்கிறார்கள்.

ஐந்து வருடமாக, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறதாம். “சுவிட்ச் போட்ட மாதிரி வரும், சுவிட்ச் அணைத்த மாதிரி நிற்கும். கழுத்துக்குழியில் தவளை துள்ளுகிற மாதிரி இருக்கும். நின்ற பிறகு அடிக்கடி சிறுநீர் போகும்” என்கிறார். ஒவ்வொரு தடவையும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி நார்மல், தைராய்டு நார்மல், கேஸ் மாத்திரை. வீட்டில் ‘மனசைப் போட்டுக் குழப்பிக்கிறா’ என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி அது நிற்கவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனபோது பல்ஸ் 190. அங்கிருந்த இளம் டாக்டர் ஒரு சிரிஞ்சைக் கையில் கொடுத்து ஊதச் சொல்லியிருக்கிறார். ஊதி முடித்த அடுத்த நொடி கட்டிலின் தலைப்பக்கத்தை மடாரென்று இறக்கி, இரண்டு பேர் இவருடைய கால்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். திரை போடவில்லை, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புடவையில் இருந்தவருக்கு உயிரே போய்விட்டது. படபடப்பும் போய்விட்டது. வியாதிக்கு எஸ்.வி.டி. (இதயத்தின் மேல்பகுதி மின்கோளாறால் திடீரென்று வரும் அதிவேகத் துடிப்பு) என்று பெயர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கணவருக்கு ஆத்திரம்: ‘ஒரு ஊசிகூடப் போடாமல் காலைத் தூக்கிவிட்டு 3,400 ரூபாய் பில்லா?’ மாமியாருக்குப் பயம்: ‘காலைத் தூக்கினால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஏறிவிடுமே.’ இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தபோது இவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரிஞ்சை ஊதிப் பார்த்திருக்கிறார். நிற்கவில்லை, கால் மணி நேரம் கழித்துத் தானாக நின்றிருக்கிறது. அக்கா மகன் ஒரு வீடியோவைக் காட்டி, ‘சித்தி, தலைகீழா நின்னா நின்னுடுமாம்’ என்கிறான். அன்று நடந்தது வைத்தியம்தானா, வீட்டில் ஏன் பலிக்கவில்லை, படுப்பதா உட்காருவதா, அடுத்து ஊசியா அல்லது ‘ஒயர் விட்டுச் சுடுவது’ என்கிறார்களே அதுவா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் மனசு பற்றி. அதில் ஒன்றும் கோளாறு இல்லை. திடீரென்று ஆரம்பித்துத் திடீரென்று நிற்பது, கழுத்தில் துள்ளுவது, நின்ற பிறகு சிறுநீராகக் கொட்டுவது இவை மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதய மின்னோட்டம் படித்த யாரும் இதைப் படித்தாலே காதைத் தீட்டிக்கொள்வார்கள். பதற்றத்தால் வரும் படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுவிட்ச் மாதிரி வராது. ஈசிஜி ஏன் ஒவ்வொரு தடவையும் நார்மல் என்றால், அது எடுக்கும் நேரத்துப் படம் மட்டும்தான். கரண்ட் வந்த பிறகு வந்து சேரும் லைன்மேன் ‘எல்லாம் சரியாத்தானே இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போவாரே, அந்தக் கதை. அன்றைக்கு உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுத்தார்களே, ஐந்து வருடத்தில் உங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் அந்தக் காகிதம்தான்.

உங்கள் விவரிப்பை வைத்துப் பார்த்தால் இது எஸ்.வி.டி.யில் மிகவும் சகஜமான வகை போலத் தெரிகிறது. இதயத்தின் மேல் அறைகளுக்கும் கீழ் அறைகளுக்கும் நடுவே ஏ.வி. கணு என்று ஒரு சின்ன மின் சந்திப்பு இருக்கிறது. சிலருக்கு அங்கே ஒன்றுக்கு இரண்டு பாதை பிறவியிலேயே அமைந்துவிடும். ஏதோ ஒரு துடிப்பு ஒரு பாதையில் இறங்கி இன்னொன்றில் ஏறி, செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்ற ஆரம்பித்தால் பல்ஸ் 150, 180, 200 என்று போய்விடும். பெண்களிடம் அதிகம். ரத்தக்குழாய் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மற்றபடி நல்லபடியாக இருக்கும் இதயத்தில் இது உயிரை எடுப்பது அபூர்வம். பாடாய்ப் படுத்தும், அவ்வளவுதான்.

உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி

காலைத் தூக்கினால் ரத்தம் நெஞ்சுக்கு ஏறும் என்கிறார். ஏறும்தான். ஏற வேண்டும் என்றுதான் தூக்குகிறோம்.

மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைத்தால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு உள்ளேயே ஊதுகிறோமே, அதற்கு வால்சால்வா முறை என்று பெயர். அன்டோனியோ வால்சால்வா இத்தாலியில் இமோலா ஊர்க்காரர். 1704-இல் காது பற்றி எழுதிய புத்தகத்தில், காதுக்குள் கட்டிய சீழை வெளியேற்ற இந்த வழியைச் சொன்னார். காதுக்குச் சொன்னது இதயத்துக்கும் உதவும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. சிரிஞ்சை ஊதும்போது நடப்பதும் அதுதான். மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. காலிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் வாசலிலேயே தேங்கிவிடுகிறது. முக்குவதை விட்டதும் தேங்கியதெல்லாம் ஒரே பாய்ச்சலாக உள்ளே வருகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று எகிறுகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் இருக்கும் நரம்பு முனைகள் அதை மூளைக்குச் சொல்ல, மூளை வேகஸ் நரம்பு வழியாக பிரேக் போடுகிறது. அந்த பிரேக் விழும் இடம் ஏ.வி. கணு. ஒரே ஒரு சுற்று அங்கே தடுக்கி நின்றால் போதும், செக்கு நின்றுவிடும்.

கவனியுங்கள், பிரேக் பலமாக விழுவது ஊதும்போது அல்ல, ஊதி முடித்த பிறகு. அந்த நேரத்தில் உடம்பை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலையும் தூக்கினால் பாய்ச்சல் இன்னும் பெரிதாகும், பிரேக்கும் அழுத்தமாக விழும். இதைத்தான் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் பத்து அவசரப் பிரிவுகளில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். 428 நோயாளிகள், சரிபாதியாக இரண்டு தரப்பு. இரண்டு தரப்பும் அதே அழுத்தத்தில் அதே 15 வினாடி ஊதினார்கள். சாய்ந்த நிலையிலேயே இருந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இதயம் சரியான தாளத்துக்குத் திரும்பியது. ஊதியதும் படுக்க வைத்துக் காலைத் தூக்கியவர்களில் 43 சதவீதம். படபடப்பை நிறுத்தப் போடும் அடினோசின் ஊசி தேவைப்பட்டவர்கள் 69 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறைந்தார்கள். ஒரு பைசா செலவில்லாமல், படுக்கும் விதத்தை மாற்றியதால் மட்டும் கிடைத்த பலன். 2019-இல் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டியிலும் இது ஏறிவிட்டது. ஆகவே அந்த இளம் டாக்டர் உங்களோடு விளையாடவில்லை. நன்றாகப் படித்துவிட்டுத்தான் டியூட்டிக்கு வந்திருக்கிறார்.

பில் விஷயம்: ஈசிஜி, மானிட்டர், இரண்டு மணி நேரக் கட்டில் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தொகை வந்திருக்கும். விவரம் போட்ட ரசீது கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஊசி போடாததற்காகக் கோபப்பட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

திரையை இழுத்திருக்க வேண்டும்

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இந்தப் பகுதிதான். வைத்தியம் சரி, செய்த விதம் சரியில்லை. ‘ஊதி முடித்ததும் உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்குவோம், பயப்படாதீர்கள்’ என்று சொல்லப் பத்து வினாடி போதும். காலை இரண்டு போர்வையால் சுற்ற இன்னொரு பத்து வினாடி. ஊதிய பிறகுதான் அவசரம். ஊதுவதற்கு முன் அவகாசம் இருந்தது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. நீங்கள் வாய்விட்டுக் கேட்கலாம்.

நானும் யோக்கியன் இல்லை. இந்த முறையைப் பழகிய புதிதில், ஒரு பெரியவரை முன்னால் எதுவும் சொல்லாமல் படுக்க வைத்துக் காலைத் தூக்கிவிட்டேன். ‘பொணத்தைத் தூக்குற மாதிரி தூக்குறீங்களேப்பா’ என்றார். அவருக்கு நின்றுவிட்டது, எனக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து முதலில் பேசிவிட்டுத்தான் தொடுவேன்.

வீட்டில் ஏன் பலிக்கவில்லை

நாற்காலியில் உட்கார்ந்து ஊதினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வினாடி என்று எழுதவில்லை. எண்ணாமல் ஊதினால் பெரும்பாலோருக்கு ஐந்தாறு வினாடியிலேயே மூச்சு விட்டுப்போகும். முடித்ததும் படுக்கவும் இல்லை. ஆக, வைத்தியத்தின் முன்பாதியை அரைகுறையாகச் செய்து, பின்பாதியை விட்டுவிட்டீர்கள்.

உங்கள் இதய மருத்துவர் ஈசிஜியைப் பார்த்து ‘எஸ்.வி.டி.தான், வீட்டில் செய்யலாம்’ என்று சொன்ன பிறகு இப்படிச் செய்யுங்கள். கட்டிலில் மூன்று தலையணை வைத்துப் பாதி சாய்ந்து, ஈஸிசேரில் இருப்பது போல, உட்காருங்கள். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சின் முனையை வாயில் வைத்து, பிஸ்டன் லேசாக நகரும் அளவுக்கு ஊதுங்கள். ரத்த அழுத்தக் கருவியில் 40 புள்ளி ஏற்றும் அளவு விசை அது. போன் ஸ்டாப்வாட்ச்சில் முழுதாக 15 வினாடி. விட்ட மறுநொடி உங்கள் கணவர் தலையணைகளை உருவிவிட்டு, இரண்டு கணுக்காலையும் பிடித்து, முழங்காலை மடக்காமல், பாதி செங்குத்தாகத் தூக்க வேண்டும். அப்படியே இன்னொரு 15 வினாடி. நீங்கள் தூக்கக் கூடாது, அவர்தான் தூக்க வேண்டும். உங்கள் உடம்பு துணி மாதிரி தளர்ந்து கிடக்கட்டும். அப்புறம் மறுபடி சாய்ந்த நிலைக்கு வந்து முக்கால் நிமிடம் பொறுத்துப் பல்ஸைப் பாருங்கள். கொரோனா சமயத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் எடுத்து வையுங்கள், எண்ணை அதிலேயே படிக்கலாம். நிற்காவிட்டால் இன்னொரு தடவை செய்யலாம். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதய வால்வு சுருக்கம் உள்ளவர்கள், கண் அழுத்த நோயோ சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. பிரசவத்துக்கு முந்தைய கடைசி மூன்று மாதங்களிலும் கூடாது. உங்களைப் பார்த்து மாமியார் தனக்கும் படபடப்பு என்று ஊத ஆரம்பித்துவிடப் போகிறார், அதனால் சொல்கிறேன். வயதானவர்களுக்கு வரும் படபடப்பு வேறு ரகமாக இருக்கலாம்.

தலைகீழாக நிற்க வேண்டாம். 190 ஓடும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். சுவரோரம் சிரசாசனத்தில் நிற்கும்போது மயங்கினால் இதயத்தை விட்டுவிட்டுக் கழுத்தெலும்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும். கழுத்துத் தமனியைத் தேய்ப்பதும் வீட்டில் வேண்டாம். அதை மானிட்டர் போட்டு, கழுத்துக் குழாயில் அடைப்பின் சத்தம் இல்லை என்று ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட பிறகு டாக்டர்தான் செய்ய வேண்டும். கண்ணை அழுத்துவது பழைய காலத்து முறை. விழித்திரையே கழன்றுவிடலாம், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

படுப்பதா, உட்காருவதா என்றால், தலை கிறுகிறுத்தால் உடனே படுத்துவிடுங்கள், தரையானாலும் பரவாயில்லை. மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காருங்கள். ஸ்கூட்டியில் போகும்போது வந்தால் ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள். கம்பெனி பக்கத்தில்தான் என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், பேச முடியாத மூச்சுத்திணறல் இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் சிரிஞ்சைத் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஊசியும் ஒயரும்

அடினோசின் ஊசி இதயத்தை ‘நிறுத்திவிடும்’ என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். ஏ.வி. கணுவைச் சில வினாடிகள் மரத்துப்போகச் செய்யும் மருந்து அது. ரத்தத்தில் அதன் ஆயுள் பத்து வினாடிகூட இல்லை. அதனால்தான் முழங்கை மடிப்பில் உள்ள பெரிய ரத்தநாளத்தில் 6 மில்லிகிராமைச் சட்டென்று செலுத்தி, பின்னாலேயே உப்புநீரையும் தள்ளி, கையை மேலே தூக்கிப் பிடிப்பார்கள். பாருங்கள், இங்கேயும் ஒரு தூக்கல்! நிற்காவிட்டால் 12 மில்லிகிராம். அந்தச் சில வினாடி நெஞ்சு இறுகி, முகம் சூடேறி, ‘செத்தோம்’ என்று தோன்றும். தோன்றுவது நிஜம், ஆபத்து நிஜமில்லை என்று முன்பே தெரிந்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், வேறு மருந்து கொடுப்பார்கள். கொஞ்ச நேரம் முன்னால் டீ குடித்திருந்தாலும் சொல்லுங்கள். டீ, காபியில் இருக்கும் கஃபீன் இந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

ஊதுவதும் ஊசியும் வந்ததை நிறுத்தும். மறுபடி வராமல் செய்ய இரண்டு வழி. தினமும் மாத்திரை சாப்பிட்டால் வருவது குறையும், அடியோடு போகாது. நிரந்தர வழி, நீங்கள் ‘சுடுவது’ என்று எழுதிய அபிலேஷன். நெஞ்சைத் திறப்பதில்லை. தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தநாளம் வழியாக மெல்லிய ஒயர்களை இதயத்துக்கு அனுப்பி, அந்த உபரிப் பாதையைக் கண்டுபிடித்து, வெப்பத்தால் ஒரு புள்ளியில் பொசுக்கிவிடுவார்கள். உங்கள் வகையாக இருந்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணம். பொசுக்கும் இடம் ஏ.வி. கணுவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அதுவும் பட்டுப்போய் பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் ஆபத்து உண்டு. அனுபவமுள்ள கைகளில் அது நூற்றில் ஒருவரைவிடக் குறைவு. இந்த எண்ணைக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் நேராக வைத்துப் படுத்திருக்கச் சொல்வார்கள். பொசுக்குவதைவிட அசையாமல் கிடப்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து தானாக நின்றுவிடுகிறது என்றால், ‘சிரிஞ்சோடு சமாளியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு என் கருத்து வேறு. நீங்கள் இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறீர்கள். கர்ப்ப காலத்தில் எஸ்.வி.டி. அடிக்கடி வரக்கூடும். வயிறு பெரிதானால் மல்லாந்து படுக்கும்போதே கருப்பை பெரிய சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்துவிடும். இடதுபுறம் சாய்த்துத்தான் படுக்க வைப்போம். அதாவது, அன்றைக்கு உங்களைக் காப்பாற்றிய படுக்கும் முறையே அப்போது அவ்வளவு சுலபமாகக் கைகொடுக்காது. மாத்திரைகளிலும் யோசித்து யோசித்துக் கொடுக்க வேண்டிவரும். அதனால் கருத்தரிப்பதற்கு முன்பே அபிலேஷனை முடித்துவிடுவது நல்லது என்பது என் யோசனை. சம்பந்தப்பட்ட வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன. முடிவு உங்களுடையது. ‘குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அன்றைக்கு எடுத்த ஈசிஜியின் நகலை, முடிந்தால் கால் தூக்கியபோது தாளம் மாறிய அந்தத் துண்டையும் சேர்த்து, அந்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதை போனில் படமெடுத்து வைத்துக்கொண்டு, இதய மின்னியல் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அபிலேஷன் அதில் வருமா என்று அங்கே காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

அதுவரை, மருந்துக்கடையில் இரண்டு 10 மில்லி சிரிஞ்சு வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, ஒன்று கட்டில் பக்கத்திலும் ஒன்று கைப்பையிலும் வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, நெஞ்சு சாதாரணமாக இருக்கும்போதே, ஊதாமல் ஒத்திகை மட்டும் பாருங்கள்: நீங்கள் சாய்ந்து உட்கார, உங்கள் கணவர் தலையணையை உருவிக் காலைத் தூக்க, மகள் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணட்டும். சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள்.